வைரஸ் பிசிஆர் கிட்டுகள்: பெட்டிக்குள் எந்த டியூபைப் பார்த்து வாங்குவது?

வைரஸின் மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறிவது பிசிஆர் முறை. ஆராய்ச்சிக்கூடங்களுக்காக விற்கப்படும் வைரஸ் பிசிஆர் கிட்டுகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அட்டைப்பெட்டி, உள்ளே வண்ண மூடி போட்ட ஏழெட்டு டியூப், ஒரு கையேடு. பெட்டியின் மேல் "ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற வரி. நோயாளிக்கு முடிவு சொல்ல இவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்பதற்கான அறிவிப்பு அது. அத்தோடு, இந்த மாதிரியில் இந்த முறை சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது என்பதும் அதில் அடக்கம். பலர் அந்த இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், சந்தையில் உள்ள ஒழுங்கான கிட்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. வைரஸ் மரபணுத்தொகுப்பின் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று எண்ணப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது பிரைமரையும் (பெருக்க வேண்டிய பகுதியில் ஒட்டும் குட்டை டிஎன்ஏ) பெருக்கும் என்சைமையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வைரஸின் இலக்குப் பகுதி தெரிந்த அளவில் இருக்கும் பாசிட்டிவ் கன்ட்ரோல் டியூபைப் பாருங்கள். பிரைமரை எவரும் சல்லிசாக வடிவமைத்து வாங்கிவிடலாம். எண்ணிக்கை தெரிந்த, அளவுகோலாக நம்பத்தக்க ஸ்டாண்டர்டைச் செய்வதுதான் கடினம். கிட்டுக்குக் கொடுக்கும் பணம் நியாயமா என்பதை அந்த ஒரு டியூப்தான் தீர்மானிக்கிறது.

பெட்டியைத் திறந்தால்

பரவலாக விற்பது உறையவைத்து உலர்த்திய தூளாக வரும் புரோப் வகை கிட். புரோப் என்பது இலக்கில் ஒட்டி, பெருக்கம் நடக்க நடக்க ஒளிரும் நிறமி தாங்கிய டிஎன்ஏ துண்டு. டாக்மேன் முறை என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உள்ளே வைரஸுக்கான பிரைமர்-புரோப் கலவை (பெரும்பாலும் ஃபாம் நிறமி), உள் கன்ட்ரோலுக்கான (ஒவ்வொரு மாதிரியிலும் முறை வேலை செய்ததா என்று காட்ட நாமே சேர்ப்பது) இன்னொரு பிரைமர்-புரோப் கலவை (விக் அல்லது ஹெக்ஸ் நிறமி), உள் கன்ட்ரோல் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ, பாசிட்டிவ் கன்ட்ரோல், அதைக் கரைக்கும் பஃபர், நியூக்ளியேஸ் (டிஎன்ஏ, ஆர்என்ஏவைச் சிதைக்கும் என்சைம்) இல்லாத தண்ணீர். மாஸ்டர் மிக்ஸ் (என்சைமும் பிற மூலப்பொருள்களும் சேர்ந்த கலவை) சில கிட்டுகளில் சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். ஆர்டர் போடும் முன் இதைக் கேட்காவிட்டால் பெட்டி வந்த அன்று வேலை நின்றுபோகும்.

தூளாக வருவதில் நிஜமான நன்மை உண்டு. உலர் பனிக்கட்டி இல்லாமலே அனுப்பலாம், வழியில் இரண்டு நாள் தாமதமானாலும் கெடாது. தொல்லை திறக்கும்போது வரும். நிலைமின்னால் தூள் சிறு செதிலாக மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றாமல் மூடியைத் திறந்தால் அந்தச் செதில் கையுறையோடு போய்விடும். பிறகு கரைக்கும் கலவை எப்போதும் நீர்த்தே இருக்கும், ஒவ்வொரு சிடி மதிப்பும் (எத்தனையாவது பெருக்கச் சுழற்சியில் ஒளிர்வு எல்லையைத் தாண்டுகிறது என்ற எண்) சற்றுத் தள்ளியே வரும், காரணம் கடைசிவரை பிடிபடாது. எனவே முதலில் சுற்று, பிறகு திற, சொன்ன அளவு திரவத்தை ஊற்று, ஐந்து நிமிடம் அப்படியே வை, வோர்டெக்ஸ் செய், மறுபடி சுற்று. 150 ரியாக்‌ஷன் கிட்டில் ஒரு ரியாக்‌ஷனுக்கு 1 மைக்ரோலிட்டர் பிரைமர் கலவை தேவை என்றால் 165 மைக்ரோலிட்டர் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். மிச்ச 15 பைப்பெட் நுனியில் போகும் சேதாரத்துக்கு. கரைத்த கையோடு சிறு பங்குகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். புரோபின் நிறமி வெளிச்சத்தில் மங்கும். அடிக்கடி உறைந்து உருகினால் புரோப் சிதைந்து, நிறமி அதன் ஒளியை அடக்கும் அணைப்பானிடமிருந்து விடுபட்டுப் பின்னணி ஒளிர்வு ஏறும். அந்த ஃப்ரீசர் தானாகப் பனியை உருக்கும் வகையாக இருந்தால் பங்கு பிரித்ததெல்லாம் வீண், ஏனென்றால் அது தினமும் கொஞ்சம் சூடாகித்தான் பனியை உருக்குகிறது.

வழக்கமான கணக்கு 20 மைக்ரோலிட்டருக்கு இப்படி: இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் 10, வைரஸ் பிரைமர்-புரோப் 1, உள் கன்ட்ரோல் பிரைமர்-புரோப் 1, தண்ணீர் 3, மாதிரி 5. ஆர்என்ஏ வைரஸுக்கு ஒரே டியூபில் நடக்கும் முறையில் 50 முதல் 55 டிகிரியில் 10 நிமிடம் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படி). பிறகு 95 டிகிரியில் என்சைமை எழுப்ப வேண்டும். ஆன்டிபாடி கட்டிப்போட்ட டாக் (பெருக்கும் என்சைம்) என்றால் 2 நிமிடம் போதும், வேதிமுறையில் பூட்டியது என்றால் 10 முதல் 15 நிமிடம். மாஸ்டர் மிக்ஸை மாற்றியவர்கள் புரோகிராமை மாற்ற மறப்பது இந்த இடத்தில்தான். பாதி எழுந்த என்சைமில் ஒளிர்வு ஏறும் வளைகோடு வரத்தான் செய்யும், ஆனால் தாமதமாக, பிளேட்டின் குழிக்குக் குழி வேறாக வரும். அதன்பின் 95 டிகிரி 10 வினாடி, 60 டிகிரி 60 வினாடி, 40 முதல் 50 சுழற்சி.

ராக்ஸ் நிறமியைப் பற்றி ஒரு வரி. சில மெஷின்கள் குழிகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சரிசெய்ய ராக்ஸ் ஒளிர்வை நம்புகின்றன. 7500 வகை மெஷினுக்குக் குறைந்த ராக்ஸ், ஸ்டெப்ஒன் வகைக்கு அதிக ராக்ஸ், சிஎஃப்எக்ஸ், ரோட்டர்-ஜீன் போன்றவற்றுக்குத் தேவையே இல்லை. கிட் ஒன்று, மெஷின் அமைப்பு ஒன்று என்று இருந்தால் வளைகோடு ரம்பம்போல் குதிக்கும். கிட்டைத் திட்டுவதற்கு முன் மென்பொருளில் அந்த ஒரு தேர்வைப் பாருங்கள்.

அந்த டியூப்

இப்போது பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு வருவோம். உலர்ந்த தூளை 500 மைக்ரோலிட்டர் பஃபரில் கரைத்தால் மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் பிரதிகள் என்ற மாதிரியான குறிப்பு கையேட்டில் இருக்கும். அதில் 10 எடுத்து 90 பஃபரில் கலந்தால் 20 ஆயிரம், மறுபடி செய்தால் 2 ஆயிரம் என்று 2 பிரதிவரை இறங்கலாம். இந்தப் புள்ளிகளை வைத்து ஸ்டாண்டர்ட் கர்வ் வரைந்து, தெரியாத மாதிரியை அதன்மேல் பொருத்துகிறோம். சாய்வு மைனஸ் 3.32 என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிப்பு, அதாவது 100 சதவீதத் திறன். மைனஸ் 3.58 முதல் மைனஸ் 3.10 வரை, அதாவது 90 முதல் 110 சதவீதம், ஏற்றுக்கொள்ளலாம்.

சாய்வு அழகாக இருப்பதை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். நீர்க்கும்போது பைப்பெட் நுனியின் வெளிப்பக்கம் ஒட்டிய துளியையும் சேர்த்து ஒவ்வொரு முறையும் 10-க்குப் பதில் 11 மைக்ரோலிட்டர் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பு 10 மடங்கு இல்லை, 9.2 மடங்குதான். புள்ளிகளுக்கு இடையே 3.32-க்குப் பதில் 3.2 சுழற்சி. மென்பொருள் "திறன் 105 சதவீதம்" என்று காட்டும், நீங்களும் சரி என்று கடந்துபோவீர்கள். ஆனால் ஐந்தாவது நீர்ப்பில் பிழை பெருகிப் பெருகி, குழியில் இருப்பது நீங்கள் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு. குறைந்த அளவு வைரஸ் உள்ள மாதிரிகளின் எண்ணிக்கை அத்தனையும் அந்த விகிதத்தில் பொய். மருந்து இவ்வளவு குறைத்தது என்று வரையப்போகும் படத்தில் ஒன்றரை மடங்கு சின்ன விஷயமா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். தீர்வு எளிது. நுனியைத் திரவத்தின் மேற்பரப்பில் மட்டும் தொடவையுங்கள், ஒவ்வொரு படிக்கும் புது நுனி போடுங்கள், 10-க்கு 90 என்பதற்குப் பதில் 20-க்கு 180 என்று அளவைக் கூட்டுங்கள்.

நீர்க்கும் திரவமும் முக்கியம். கிட்டோடு வரும் பஃபரில் பெரும்பாலும் கேரியர் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ (இலக்கு சுவரில் ஒட்டாமல் காக்கும் நிரப்பி) இருக்கும். அது தீர்ந்துபோனதும் வெறும் தண்ணீரில் நீர்ப்பவர்கள் உண்டு. மைக்ரோலிட்டருக்கு நூறு பிரதிக்குக் கீழே போனால் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டுவதே கணிசமாகிவிடும். நேற்று வைத்த ஸ்டாண்டர்ட் இன்று ஒரு சுழற்சி தள்ளி வந்தால் சந்தேகப்பட வேண்டியது சுவரைத்தான். ஒட்டாத வகை டியூப், கேரியர் சேர்த்த பஃபர், அன்றன்று நீர்ப்பு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனிதான் உண்மையான பஞ்சாயத்து. இன்ஃப்ளுவென்சா, டெங்கு, கொரோனா என்று பெருமளவு ஆராய்ச்சி நடப்பது ஆர்என்ஏ வைரஸ்களில். ஆனால் அவற்றுக்கான பல கிட்டுகளில் பாசிட்டிவ் கன்ட்ரோலாக வருவது டிஎன்ஏ. காரணம் புரிகிறது. டிஎன்ஏ நிலையானது, ஆர்என்ஏ கைபட்டாலே சிதையும். விளைவு என்ன? ஸ்டாண்டர்ட் டிஎன்ஏ நேராகப் பெருக ஆரம்பிக்கிறது. உங்கள் மாதிரியின் ஆர்என்ஏ முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனைத் தாண்டியாக வேண்டும். அந்தப் படியில் எத்தனை சதவீதம் டிஎன்ஏவாக மாறுகிறது என்பது என்சைமுக்கு என்சைம், இலக்குக்கு இலக்கு மாறும், நூறு சதவீதம் கிடைப்பதில்லை. ஆக, கிட் சொல்லும் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவு, எவ்வளவு குறைவு என்பதைக் கிட்டிலிருந்தே அறிய வழியில்லை. ஒரே கிட், ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி), ஒரே கூடத்துக்குள் ஒப்பிட்டால் தவறில்லை. மில்லிலிட்டருக்கு இத்தனை பிரதி என்று முழு எண்ணாக எழுதிப் பிற கூடத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் தவறு. ஆர்என்ஏ வைரஸை எண்ணுவதுதான் வேலை என்றால், ஆய்வுக்கூடத்தில் படியெடுத்த ஆர்என்ஏ ஸ்டாண்டர்ட் தரும் கிட்டையோ, புரத உறைக்குள் அடைத்த ஆர்என்ஏ தரும் கிட்டையோ தேடுங்கள். உறைக்குள் அடைத்ததில் இன்னொரு வசதி, பிரித்தெடுக்கும் படியின் தொடக்கத்திலேயே அதைப் போடலாம்.

சில வைரஸ்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச ஸ்டாண்டர்ட் இருக்கிறது. சைட்டோமெகலோவைரஸுக்கு 2010-இல் வந்தது, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாவற்றுக்கும் உண்டு. இவை பிரதிகளில் இல்லாமல் சர்வதேச அலகில் அளக்கப்படும். அந்த அலகோடு இணைத்துப் பார்க்கப்பட்ட ஸ்டாண்டர்ட் தரும் கிட் கிடைத்தால் கூடுதல் விலைக்குத் தகும்.

சுயமாக பிளாஸ்மிட் (வளைய டிஎன்ஏ) ஸ்டாண்டர்ட் செய்பவர்களுக்கு: 5,000 காரச் சோடி நீளமுள்ள பிளாஸ்மிட் 1 நானோகிராமில் ஏறக்குறைய 18 கோடி பிரதிகள். கணக்கு நேர்த்தியானது, ஆனால் நானோகிராமை அளந்த முறை நேர்த்தியாக இருக்க வேண்டுமே. புறஊதா ஒளி உறிஞ்சலில் அளந்தால் மிச்சமிருக்கும் ஆர்என்ஏவும் சேர்ந்து எண்ணப்படும். ஒளிரும் சாயத்தில் அளப்பது மேல். வளையமாக முறுக்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்மிட்டை அப்படியே ஸ்டாண்டர்டாக வைத்தால், இழைகள் பிரியத் தயங்குவதால் முதல் சுழற்சிகள் மந்தமாகி, ஸ்டாண்டர்டின் சிடி தள்ளிப்போய், மாதிரியின் எண்ணிக்கை மிகையாக வரும். ஒற்றை வெட்டு என்சைமால் வெட்டி நேராக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் அதே டியூபுக்குள்தான். மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் பிரதி என்றால், ஒரு மைக்ரோலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குத் துளி, அதாவது கண்ணுக்கே தெரியாத தெறிப்பு, 200 பிரதிகளைச் சுமந்து போகும். அது விழும் குழி ஐயத்துக்கு இடமில்லாமல் பாசிட்டிவ். அதனால் மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் மேசையில் இந்த டியூபைத் திறக்கவே கூடாது. மாதிரிகளைப் போட்டு மூடிய பிறகு, வேறு இடத்தில், வேறு பைப்பெட்டால், கடைசியாக. கையேடுகளில் இது எங்கோ ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் அச்சிட வேண்டிய விஷயம்.

முடிந்த பிளேட்டைத் திறப்பது அதைவிட மோசம். யூஎன்ஜி என்சைம் சேர்ந்த மாஸ்டர் மிக்ஸ் பழைய பெருக்கத்தின் மிச்சங்களை (அவற்றில் தைமினுக்குப் பதில் யூராசில் இருப்பதால்) முதலிலேயே சிதைத்துவிடும், நல்ல காப்பு. ஆனால் பாசிட்டிவ் கன்ட்ரோல் பிளாஸ்மிட்டில் யூராசில் கிடையாது, அதிலிருந்து வரும் மாசை யூஎன்ஜி தொடாது. ஒரே டியூபில் நடக்கும் ஆர்என்ஏ முறையில் சாதாரண யூஎன்ஜியைக் கூடுதலாகச் சேர்த்தால் அப்போதுதான் உருவான, யூராசில் கொண்ட சிடிஎன்ஏவையே (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ) தின்றுவிடும். வெப்பத்தில் எளிதில் மடியும் யூஎன்ஜி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எண் எப்போது பொய் சொல்லும்

உள் கன்ட்ரோல் நல்ல கிட்டுக்கான அடையாளம், ஆனால் அதைச் சேர்க்கும் இடம் தவறினால் பயனில்லை. ஆர்என்ஏ உள் கன்ட்ரோலை நேராக மாதிரியில் போட்டால் மாதிரியில் உள்ள ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் என்சைம்) அதைச் சில நொடிகளில் விழுங்கிவிடும். வைரஸை உடைக்கும் லைசிஸ் பஃபரை மாதிரியோடு கலந்த பிறகே சேர்க்க வேண்டும். பல கிட்டுகள் அதன் சிடி 28-க்கு மூன்று முன்னபின்ன வரும் என்று குறிப்பிடுகின்றன, எல்யூஷன் (பிரித்தெடுத்ததைக் கடைசியில் வாங்கும் திரவம்) அளவைப் பொறுத்து மாறும். எல்லா மாதிரியிலும் சமமாக இருக்க, ஒன்றில் மட்டும் நான்கு சுழற்சி தள்ளிப்போனால் அந்த மாதிரியில் தடைப்பொருள் இருக்கிறது, அல்லது பிரித்தெடுத்தல் பாழ். விதிவிலக்கு: வைரஸ் மிக அதிகமாக இருக்கும் குழியில் உள் கன்ட்ரோல் வராமலே போகலாம். அது போட்டியில் தோற்றுவிட்டது, அவ்வளவுதான். அந்த மாதிரியைத் தூக்கி எறிய வேண்டாம்.

தடைப்பொருளை உறுதிசெய்ய மலிவான சோதனை ஒன்று உண்டு. மாதிரியை 10 மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். சிடி 3.3 கூட வேண்டும். ஒன்றோ ஒன்றரையோ மட்டும் கூடினாலோ, கூடாமலே இருந்தாலோ மூல மாதிரியில் ஏதோ என்சைமைப் பிடித்து இழுக்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஹெப்பாரின் கலந்த குழாய், மண்ணிலும் கழிவுநீரிலும் ஹியூமிக் அமிலம், பிரித்தெடுக்கும் கிட்டிலிருந்தே வரும் எத்தனாலும் குவானிடீனும் வழக்கமான குற்றவாளிகள். எத்தனால் என்றால் பிரித்தெடுக்கும் வடிகட்டிக் குழாயை இன்னொரு நிமிடம் வெறுமனே சுற்றி உலர்த்தினாலே சரியாகிவிடும்.

கையேடுகள் குழப்பும் இன்னொரு இடம் பின்னோக்கிய கணக்கு. 200 மைக்ரோலிட்டர் மாதிரியைப் பிரித்தெடுத்து 50 மைக்ரோலிட்டரில் வாங்கி, 5 மைக்ரோலிட்டரை ரியாக்‌ஷனில் போட்டீர்கள். மெஷின் 400 என்கிறது. மைக்ரோலிட்டருக்கு 80, மொத்த எல்யூஷனில் 4,000, அது 200 மைக்ரோலிட்டரிலிருந்து வந்தது, எனவே மில்லிலிட்டருக்கு 20,000. பிரித்தெடுத்தலில் எதுவும் வீணாகவில்லை என்ற அனுமானத்தோடு. ஸ்டாண்டர்டைக் குழிக்கு எத்தனை என்று பதிந்தோமா, மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று பதிந்தோமா என்பதில் தடுமாறினால் அப்படியே ஐந்து மடங்கு பிசகும். இது நடக்கும் அளவுக்கு வேறெந்தத் தவறும் நடப்பதில்லை.

மிக வலுவான மாதிரிகளில் ஒரு கோணல் வரும். வளைகோடு ஏறி, திடீரென்று கீழே வளைந்து, சிடி இல்லாமல் போகும். வைரஸ் அவ்வளவு அதிகமாக இருப்பதால் 10-ஆம் சுழற்சியிலேயே ஏறிவிட்டது, மென்பொருளோ 3 முதல் 15 வரையிலான சுழற்சிகளை அடிக்கோடாக (பின்னணி ஒளிர்வாக) எடுத்துக் கழித்துவிட்டது. அடிக்கோட்டின் முடிவை 7 அல்லது 8-க்கு இழுத்தால் வளைகோடு நிமிரும்.

"ஒரு பிரதியையும் கண்டுபிடிக்கும்" என்று பெட்டியில் போட்டிருந்தால் புன்னகையோடு கடந்துவிடுங்கள். குழிக்குச் சராசரியாக ஒரு பிரதி என்று போட்டால் 37 சதவீதக் குழிகளில் எதுவுமே விழாது, வெறும் நிகழ்தகவு அது. என்சைம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் 95 சதவீத உறுதியோடு பிடிக்கச் சராசரியாக 3 பிரதிகள் தேவை. எண்ணுவதற்கு அதுவும் போதாது. 10 பிரதி உள்ள குழிகளிலேயே இயல்பான சிதறல் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வரும். கண்டறியும் எல்லை வேறு, எண்ணத்தக்க எல்லை வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கும் கையேடு நேர்மையானது.

பிரைமர் வரிசையை மறைக்கும் கிட்டுகள்

வணிகக் கிட்டுகளில் பெரும்பாலானவை பிரைமர் வரிசையை வெளியிடுவதில்லை. 2009-இல் வந்த எம்ஐக்யூஈ வழிகாட்டுதல்கள் (பிசிஆர் முடிவுகளை வெளியிடும் முறைக்கானவை) கட்டுரையில் அதைக் கொடுக்கச் சொல்கின்றன. கேட்டால் பெருகும் பகுதியைச் சுற்றியுள்ள வரிசையைத் தரும் நிறுவனங்கள் உண்டு. தராதவர்களிடம் வாங்கினால், உங்கள் வைரஸ் திரிபு பிரைமரோடு பொருந்துகிறதா என்று பார்க்கவே முடியாது. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. 2020 இறுதியில் பரவிய ஆல்ஃபா வகை கொரோனாவில் ஸ்பைக் மரபணுவில் 69, 70-ஆம் இடங்கள் விடுபட்டதால், அங்கே புரோப் வைத்திருந்த சோதனைகளில் அந்த ஒரு இலக்கு மட்டும் விழுந்துபோனது. மற்ற இலக்குகள் காப்பாற்றின. ஒரே இலக்கை நம்பும் கிட்டில் அது "வைரஸ் இல்லை" என்றே வந்திருக்கும். முழுப் பொருத்தமின்மையைவிட அரைகுறைப் பொருத்தமின்மை எண்ணுபவருக்கு இன்னும் கெடுதல். பிரைமரின் 3 பிரைம் முனையில் (பெருக்கம் தொடங்கும் முனை) ஓர் எழுத்து மாறினால் வளைகோடு வரும், ஆனால் தாமதமாக. பாசிட்டிவ் கன்ட்ரோல் பிரைமரோடு கச்சிதமாகப் பொருந்துவதால் ஸ்டாண்டர்ட் கர்வ் பளபளவென்றிருக்கும். மாதிரி மட்டும் குறைத்து எண்ணப்படும், எந்த எச்சரிக்கையும் வராது.

இலக்கின் இடமும் எண்ணை மாற்றும். கொரோனா வைரஸ் செல்லுக்குள் குட்டை ஆர்என்ஏக்களையும் தயாரிக்கிறது. N மரபணு அவை எல்லாவற்றிலும் இருக்கும், ஓஆர்எஃப்1ஏபி பகுதி முழு மரபணுத்தொகுப்பில் மட்டுமே இருக்கும். செல் மாதிரியில் N மரபணு கிட் அதிக எண்ணிக்கை காட்டுவது அதனால்தான், அது கூடுதல் நுண்ணுணர்வு ஆகாது.

வெக்டர் கிட்டுகள், சைபர் கிரீன், டிஜிட்டல்

செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுசெல்லும் வெக்டராகப் பயன்படும் லென்டிவைரஸின் அளவை (டைட்டர்) எண்ணும் கிட்டுகள் வேகமானவை. மேல்திரவத்தை நேராக லைசிஸ் செய்து ஆர்என்ஏவை எண்ணுகின்றன. இவற்றின் பெரிய எதிரி, வைரஸைத் தயாரிக்கச் செல்களுக்குள் செலுத்தும் டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் போட்ட பிளாஸ்மிட். அதே இலக்குப் பகுதி அதிலும் உண்டு, டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் படி இல்லாத கிட் அதையும் வைரஸாக எண்ணும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத குழி ஒன்று கட்டாயம். ஒரே டியூப் கிட்டுகளில் இரு என்சைமும் முன்பே கலந்திருக்கும், அப்போது அதே பிரைமரை டிஎன்ஏ மாஸ்டர் மிக்ஸில் ஓட்டிப் பாருங்கள். வைரஸ் குழிக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத குழிக்கும் இடையே சிடி வித்தியாசம் 7 என்றால் பிளாஸ்மிட் பங்கு ஒரு சதவீதத்துக்குக் கீழே, கவலை வேண்டாம். 3 என்றால் எண்ணில் எட்டில் ஒரு பங்கு பிளாஸ்மிட். ஒரு துகளுக்கு இரண்டு ஆர்என்ஏ என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்த பின்னும் வருவது துகள்களின் எண்ணிக்கைதான். செல்லுக்குள் உண்மையில் நுழைந்து ஒருங்கிணைவது அதில் நூற்றில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோ. இந்த எண்ணை வைத்து எம்ஓஐ (செல்லுக்கு எத்தனை தொற்றும் வைரஸ் என்ற விகிதம்) கணக்கிட்டுவிட்டு "வைரஸ் வேலை செய்யவில்லை" என்பவர்கள் கிட்டைக் குறைசொல்ல முடியாது.

ஏஏவி (இன்னொரு வெக்டர் வைரஸ்) கிட்டுகளில் வேறு கதை. மரபணுத்தொகுப்பின் இரு முனைகளிலும் உள்ள ஐடிஆர் பகுதியைக் குறிவைப்பவை எல்லா வெக்டருக்கும் பொருந்தும், அதுதான் விற்பனை வாசகம். ஐடிஆரோ தன்மேல் தானே மடிந்து கொண்டைஊசியாக நிற்கும் வரிசை. பிரைமர் ஒட்டுவது எளிதல்ல, தன்னிரட்டை (தன்னோடு தானே இணையாகும் இரு பாதிகள் கொண்ட) வகை வெக்டர்களில் எண் குறைவாக வரும். ஒரு தொடரில் ஒரே வெக்டரையே பயன்படுத்துபவர்கள் டிரான்ஸ்ஜீனுக்கோ (வெக்டர் சுமக்கும் மரபணு) புரமோட்டருக்கோ (அதை இயக்கும் பகுதி) தனிப் பிரைமர் செய்துகொள்வது மேல். ஒற்றை இழை வைரஸையும் இரட்டை இழை பிளாஸ்மிட் ஸ்டாண்டர்டையும் ஒப்பிடும்போது வரும் இரண்டு மடங்குத் திருத்தத்தைக் கையேடு சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில சேர்த்திருக்கும், சில சேர்க்காது.

புரோப் இல்லாமல், எந்த இரட்டை இழை டிஎன்ஏவிலும் ஒட்டி ஒளிரும் சாயம் வைத்த சைபர் கிரீன் கிட்டுகள் மலிவு. செல் வளர்ப்பில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும்போது தாராளமாகப் போதும். குறைந்த அளவில் பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டி உண்டாக்கும் இரட்டையும் ஒளிரும். ஒவ்வொரு முறையும், பெருகியது எது என்று காட்டும் உருகுநிலை வளைகோட்டைப் பார்க்காமல் எண்ணை எழுதக்கூடாது.

டிஜிட்டல் பிசிஆருக்கு ஸ்டாண்டர்டே வேண்டாம். மேலே சொன்ன பாதிப் புலம்பல் அங்கே செல்லாது. ரியாக்‌ஷனைச் சுமார் 20,000 துளிகளாகப் பிரித்து, எத்தனை துளி ஒளிர்கிறது என்று எண்ணுகிறார்கள். 20,000-இல் 10,000 ஒளிர்ந்தால் துளிக்குச் சராசரி 0.69 பிரதி. துளியின் கொள்ளளவு 0.85 நானோலிட்டர் என்றால் மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 815. தடைப்பொருளையும் ஓரளவு தாங்கும். ஆனால் மாதிரி மிக வலுவாக இருந்தால் எல்லாத் துளியும் ஒளிர்ந்து கணக்கு செத்துவிடும், பத்தாயிரம் மடங்கோ அதற்கு மேலோ நீர்க்க வேண்டியிருக்கும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் இழப்பை அதுவும் தீர்ப்பதில்லை. நாள்தோறும் ஓட்ட முடியாவிட்டாலும், உங்கள் கிட்டின் பாசிட்டிவ் கன்ட்ரோலை ஒரே ஒரு முறை டிஜிட்டலில் எண்ணிவிடுங்கள். கையேடு சொன்ன 2 லட்சம் உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எத்தனை மாதிரிக்கு வரும்

100 ரியாக்‌ஷன் என்று போட்டால் 100 மாதிரி என்று எண்ணிவிடாதீர்கள். ஆறு ஸ்டாண்டர்ட் புள்ளி, மூன்று மூன்றாக, 18 குழி. மாதிரி இல்லாத குழி 3. எட்டு மாதிரி மூன்று மூன்றாக 24. ஒரு தடவைக்கு 45. கலவையில் பத்து சதவீதம் கூடுதலாகப் போடுவதையும் சேர்த்தால் இரண்டு தடவையில் கிட் காலி, கிடைத்தது 16 மாதிரியின் எண். அதே கிட்டில் மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒரே பிளேட்டாக ஓட்டினால் ஸ்டாண்டர்டும் வெற்றுக் குழிகளும் போக 20-க்கு மேல் வரும். பாசிட்டிவ் கன்ட்ரோலைத் தனியாக விற்கிறார்களா என்றும் கேளுங்கள். எண்ணும் வேலையில் அதுதான் முதலில் தீரும்.

புது லாட் வரும்போது பழைய பாசிட்டிவ் கன்ட்ரோலில் ஒரு பங்கையாவது மிச்சம் வையுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே பிளேட்டில், ஒரே நீர்ப்பில், அருகருகே ஓட்டுங்கள். அரை சுழற்சிக்குள் இருந்தால் தொடரலாம். ஒரு சுழற்சி என்றால் இரண்டு மடங்கு, அதைத் திருத்தாமல் இரண்டு லாட்டின் எண்களையும் ஒரே வரைபடத்தில் போட முடியாது. பழைய டியூப் கையில் இல்லை என்றால் அந்தத் திருத்தத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.